வானூர்தியும் வாக்குறுதியும்: மின்பறப்பு வாகனங்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

வானிற் பறத்தல் மனித குலத்தின் மிகப் பழைய ஆசைகளுள் ஒன்றாகும். இவ்வாசை தமிழிலக்கியத்துக்கும் புதியதன்று. அருஞ்செயல்களாற் சிறப்புற்று, அச்சிறப்புப் புலவர் வாக்கில் நிலைபெறுமாறு வாழ்ந்தோர், தம் கடமைகளை நிறைவேற்றிய பின்னர், செலுத்துவோன் எவனுமின்றித் தானே இயங்கும் விண்வாகனத்தைப் பெறுவர் என்றதொரு நம்பிக்கையைப் புறநானூறு பதிவுசெய்துள்ளது. அந்நம்பிக்கையில் ஓர் ஒழுங்குமுறை உண்டு: செயல் முதலாவது, புகழ் இரண்டாவது, ஊர்தி இறுதியாவது. இருபத்தோராம் நூற்றாண்டின் இரண்டாவது பத்தாண்டில் மேலைநாடுகளிற் பெருமுழக்கத்துடன் அறிமுகமாகிய ‘மின் வான்வாடகையூர்தி’ என்னும் கருத்தில் இவ்வொழுங்கு தலைகீழாகியுள்ளது. புகழ் முதலில் வந்தது, அதனையடுத்துப் பணம் வந்தது, செயல் பின்தங்கியது, பொதுமக்கள் ஏறிச் செல்லக்கூடிய ஊர்தியோ அந்நாடுகளிற் குறிக்கப்பட்ட ஆண்டுகளுள் எதிலும் வந்து சேரவில்லை.

மின்கலவடுக்கிலிருந்து வலுப்பெற்று, ஓடுபாதையின்றி நிலைக்குத்தாக எழுந்து, நிலைக்குத்தாகவே இறங்கும் சிறு வானூர்திகளே இங்கு நோக்கப்படுவன. இவை நகர நெரிசலை நீக்கும், புகையற்றவை, ஓசை குறைந்தவை, காலப்போக்கிற் சாதாரண வாடகைக் காரின் கட்டணத்துக்கே கிடைக்கும் என்பன இவற்றுக்காகக் கூறப்பட்ட உரிமைக்கூற்றுகள். இயந்திரங்களை ஆக்க முயன்றோரின் திறமையை ஐயுறுவது விமர்சனத்தின் பணியாகாது. அவர்களுட் பலர் சிறந்த பொறியியலாளர். ஆயின் இயந்திரம் வேறு, அதனைப் பற்றிய வாக்குறுதி வேறு. வாக்குறுதி சொற்களால் ஆனது. சொற்களால் ஆன எதுவும் விமர்சனத்துக்கு உட்பட்டதே. எந்தச் சமூகச் சூழலில், எவருடைய நலனுக்காக, எவற்றைக் கூறி, எவற்றை மறைத்து இவ்வாக்குறுதி உருவாயிற்று என்னும் வினா பறப்பியலுக்கு மாத்திரம் உரியதன்று.

இவ்வாக்குறுதியின் மூலபாடம் எனக் கொள்ளத்தக்கது ஊபர் கம்பனி 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளியிட்ட நீண்ட அறிக்கையாகும். அவ்வறிக்கை வாசகனை ஒரு கற்பனைப் பயணத்துக்கு அழைத்துத் தொடங்குகின்றது. சான் பிரான்சிஸ்கோவின் கரையோரப் பகுதியிலிருந்து சான் ஹொசே நகருக்குத் தரைவழியே ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் செல்லும் பயணம் வான்வழியே 15 நிமிடத்தில் முடிந்துவிடும் என்பது அதன் முதற் காட்சி. கட்டணமும் படிப்படியாக இறங்குகின்றது: தொடக்கத்தில் 129 டொலர், அண்மைக் காலத்தில் 43 டொலர், நெடுங்காலத்தில் 20 டொலர். 2017ஆம் ஆண்டு டலஸ் நகரிற் கூட்டப்பட்ட மாநாட்டில் 2020ஆம் ஆண்டு பரீட்சார்த்தப் பறப்பு நிகழும் என அறிவிக்கப்பட்டது. வணிகச் சேவைக்கு 2023ஆம் ஆண்டு குறிக்கப்பட்டது.

இவ்வறிக்கை தடைகளை முற்றாக மறைக்கவில்லை என்பதை நேர்மையுடன் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். மின்கலவடுக்கின் குறைபாடு, அரசாங்கச் சான்றிதழ், வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு, ஓசை, இறங்குதளம், விமானிகளின் பயிற்சி ஆகிய யாவும் அதில் வரிசையாகக் கூறப்பட்டுள்ளன. ஆயினும் அத்தடைகள் நீங்குவதற்கு வேண்டிய காலத்தைக் கணித்து அதிலிருந்து ஆண்டு பெறப்படவில்லை; ஆண்டு முதலிற் குறிக்கப்பட, தடைகள் அதற்குள் நீங்கிவிடுமென எதிர்பார்க்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு வந்தது. பரீட்சார்த்தப் பறப்புக்குப் பதிலாக, அவ்வாண்டு டிசெம்பரில் ஊபர் தன் வான்பிரிவு முழுவதையும் ஜோபி என்னும் கலிபோர்னியக் கம்பனியிடம் ஒப்படைத்தது. அத்துடன் அக்கம்பனியில் 7 கோடி 50 இலட்சம் டொலரை முதலீடும் செய்தது. இடையில் 2019ஆம் ஆண்டு ஊபர் உண்மையாக நடத்திய வான்சேவை ஒன்றுண்டு. அது மன்ஹற்றனிலிருந்து கென்னடி விமான நிலையத்துக்குச் சாதாரண எரிபொருள் ஹெலிகொப்டரிற் சென்றது. ஒருவருக்கான கட்டணம் 200 முதல் 225 டொலர் வரை. அறிக்கையின் 20 டொலருக்கும் நடைமுறையின் 200 டொலருக்கும் இடையிலுள்ள தூரமே விமர்சனம் நிற்கவேண்டிய இடம்.

வரலாற்றறிவு இல்லாதவிடத்து எதுவும் புதுமையாகவே தோன்றும். மின்சாரத்தாற் பறத்தல் என்பது இந்நூற்றாண்டின் கண்டுபிடிப்பன்று. 1883ஆம் ஆண்டிலேயே பிரான்சில் திசாந்தியே என்பார் மின்மோட்டார் பொருத்திய வான்கப்பலிற் பறந்தார். 1884ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆந் திகதி ரெனார், கிரெப்ஸ் என்னும் இருவர் ‘லா பிரான்ஸ்’ என்னும் வான்கப்பலை மின்வலுவாற் செலுத்தி, 8 கிலோமீற்றர் தூரத்தை 23 நிமிடத்திற் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே மீண்டனர். ரைட் சகோதரர் பறந்தது அதற்கு 19 ஆண்டுகளுக்குப் பின்னராகும். லா பிரான்சின் மின்கலவடுக்கு 435 கிலோகிராம் நிறையுடையது. அந்நிறையைத் தாங்கியது வாயு நிரம்பிய பை, மோட்டார் அன்று. பறப்பு வரலாற்றில் மின்சாரம் முன்னே வந்தும் பெற்றோல் வென்றமைக்குக் காரணம் மனிதரின் சூழ்ச்சியன்று, நிறையே ஆகும்.

நகருக்குள் வான்வழிப் பயணம் என்பதும் புதியதன்று. நியூயோர்க் எயர்வேஸ் என்னும் நிறுவனம் 1953ஆம் ஆண்டு முதல் ஹெலிகொப்டரிற் பயணிகளை ஏற்றிச் சென்றது. 1965ஆம் ஆண்டு தொடக்கம் 1968 வரையும், பின்னர் 1977இலும் மன்ஹற்றனின் நடுவேயுள்ள பான் ஆம் கட்டடத்தின் உச்சியிலிருந்தே அதன் ஹெலிகொப்டர்கள் புறப்பட்டன. ஐக்கிய அமெரிக்க அரசின் மானியம் 1965இல் நின்றது. 1977ஆம் ஆண்டு மே 16ஆந் திகதி, கூரையில் நின்ற ஹெலிகொப்டரின் தரையிறங்கு கால் முறிந்து அது சரிந்தது. கூரையில் நால்வர் இறந்தனர். சிதறி வீழ்ந்த சுழலித் துண்டினாற் கீழே தெருவிற் சென்ற ஒருவரும் இறந்தார். 1979ஆம் ஆண்டுடன் நிறுவனமே மறைந்தது. இதையொத்த லொஸ் ஏஞ்சல்ஸ் எயர்வேஸ் நிறுவனம் 1968ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஓகஸ்ட் மாதத்திலும் நேர்ந்த இரு விபத்துகளில் 44 உயிர்களைப் பலிகொடுத்தது. இச்சேவைகளை வீழ்த்தியவை செலவு, பாதுகாப்பு, இறங்குமிடம் என்னும் மூன்றுமாம். எரிபொருளை நீக்கி மின்சாரத்தைப் புகுத்துவதால் இம்மூன்றும் தாமாக நீங்கிவிடுவதில்லை.

இனி, பௌதிகவியல் கூறுவதை நோக்கலாம். விமானங்களுக்குப் பயன்படும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 12,000 வாற்று-மணி சக்தி அடங்கியுள்ளது. இன்றைய இலிதியம் மின்கலவடுக்கிலோ, உறையும் குளிரூட்டும் அமைப்பும் உட்படக் கணித்தால், ஒரு கிலோகிராமுக்குச் சுமார் 200 வாற்று-மணியே கிடைக்கும். எரிபொருள் இயந்திரம் பெற்ற சக்தியிற் கால்பங்கையே பயனுள்ள வேலையாக்குகின்றது. மின்மோட்டார் பத்தில் ஒன்பது பங்கைப் பயனாக்குகின்றது. மின்மோட்டாரின் இச்சிறப்பை முற்றாகக் கணக்கிற் கொண்ட பின்னரும் எரிபொருள் ஏறத்தாழ 17 மடங்கு முன்னிற்கின்றது. மேலும், எரிபொருள் எரிய எரிய வானூர்தி இலேசாகும். மின்கலவடுக்கு வெறுமையானாலும் அதன் நிறை குறைவதில்லை. தரையில் ஓடும் மின்காருக்கு நிறை ஒரு சிரமம். வானில் நிற்கவேண்டிய பொருளுக்கு அதுவே விதி.

நிலைக்குத்தாக எழுதல் இவ்விதியை மேலுங் கடுமையாக்குகின்றது. ஒரு வானூர்தி அந்தரத்தில் நிற்பதற்குத் தேவைப்படும் வலு, அதன் சுழலிகள் வளியைத் தள்ளும் மொத்தப் பரப்பிலே தங்கியுள்ளது. பரப்புக் கூடினால் வலுக் குறையும். பரப்புக் குறைந்தால் வலுக் கூடும். இதன் அடிப்படைக் கோட்பாடு 1865இல் ராங்கின் என்பவரால் வகுக்கப்பட்டது. எந்தப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவனும் அரைமணித்தியாலத்திற் கணிக்கக்கூடியது. 2,000 கிலோகிராம் திணிவுள்ள ஊர்தியொன்றை எடுத்துக்கொள்வோம். சுழலிப் பரப்பு 100 சதுர மீற்றராயின், இழப்பெதுவுமில்லாத நிலையில், அந்தரத்தில் நிற்க வேண்டிய வலு சுமார் 175 கிலோவாற்று. பரப்பு 10 சதுர மீற்றராயின் அது 550 கிலோவாற்று ஆகும். பரப்பு 2 சதுர மீற்றராகச் சுருங்கின் 1,240 கிலோவாற்றாக உயரும். ஊர்தியின் திணிவில் 600 கிலோகிராம் மின்கலவடுக்கு எனக்கொண்டால் அதிலுள்ள சக்தி 120 கிலோவாற்று-மணி. மொத்த வினைத்திறன் நூற்றுக்கு 70 எனின், முதலாம் ஊர்தி அந்தரத்தில் 29 நிமிடம் நிற்கும். இரண்டாவது 9 நிமிடம். மூன்றாவது 4 நிமிடம்.

அந்தரத்தில் நிற்பதே பயணமன்று என்பதும், சிறகுகளிற் செல்லும்போது தேவைப்படும் வலு பெரிதுங் குறையும் என்பதும் உண்மை. மேற்கூறிய இரண்டாம் ஊர்திக்கே சிறகுகளைப் பொருத்தி, அது தன் நிறையில் பத்திலொரு பங்கு உந்துவிசையுடன் மணித்தியாலத்துக்கு 216 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதாகக் கொள்வோம். செல்கையில் அதற்கு, இழப்பையும் சேர்த்து, சுமார் 147 கிலோவாற்று வேண்டும். எழுவதற்கும் இறங்குவதற்குமாக இரண்டு நிமிட அந்தரநிலைக்கு 26 கிலோவாற்று-மணி போய்விடும். ஐக்கிய அமெரிக்க விதிகளின்படி ஹெலிகொப்டர் ஒன்று பகற்பொழுதிற் கண்பார்வைப் பறப்பை மேற்கொள்ளும்போது, சென்றடையும் இடத்துக்கு அப்பால் 20 நிமிடம் பறப்பதற்கான இருப்பு எஞ்சியிருத்தல் வேண்டும். அதே அளவை இங்குங் கொண்டால் அதற்கு 49. மின்கலவடுக்கு முற்றாக வெறுமையாதல் ஆகாதென்பதால் 12 விடப்படல் வேண்டும். எஞ்சுவது 33 கிலோவாற்று-மணி; அதாவது 13 நிமிடத்துக்குச் சிறிது அதிகம்; தூரத்திற் கூறின் 50 கிலோமீற்றருக்குஞ் சற்றுக் குறைவு. சிறகை நீட்டியும் சுழலியைப் பெருப்பித்தும் இத்தூரத்தைக் கூட்டலாம். ஆயின் ஒவ்வொரு திருத்தமும் நிறையிலோ பருமனிலோ விலையிலோ தன் பங்கைக் கேட்கும். வலுவின் மிகப் பெரிய தேவைகளுள் ஒன்று பயணத்தின் இறுதியில், மின்கலவடுக்கு மிகவும் தளர்ந்திருக்கும் தறுவாயில், இறங்கும்போது எழுகின்றது என்பதும் கருதற்பாலது.

இக்கணக்கின் ஒளியில் ஜேர்மனியின் லிலியம் கம்பனியின் வரலாற்றை நோக்குதல் பயனுடையது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இளைஞர் நால்வர் 2015ஆம் ஆண்டு அதனைத் தொடங்கினர். பெருஞ்சுழலிகளை விடுத்து, குழாய்களுட் சுழலும் சிறு விசிறிகள் பலவற்றை அவர்கள் தேர்ந்தனர். அதாவது மேலே காட்டிய மூன்று ஊர்திகளுள் மூன்றாவதன் பக்கத்தைச் சார்ந்தனர். 2017இல் ஆளில்லா மாதிரியொன்று பறந்தது. 2019இல் ஐந்து இருக்கை மாதிரி எழுந்தபோது, 300 கிலோமீற்றர் தூரத்தை ஒரு மணித்தியாலத்திற் கடக்கும் என்றும், 2025இல் உலகின் பல நகரங்களிற் சேவை நடக்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு சனவரியில் ‘ஏரோகுரியர்’ என்னும் ஜேர்மானியப் பறப்புச் சஞ்சிகை, கம்பனி கூறும் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லையென வாதிட்டது. கம்பனி அதனை மறுத்தது. அடுத்த மாதம் மாதிரியொன்று பராமரிப்பின்போது தீப்பற்றி அழிந்தது. இவற்றுக்குப் பின்னரே, 2021ஆம் ஆண்டு, 330 கோடி டொலர் பெறுமதியிடப்பட்டு அக்கம்பனி நாஸ்டாக் பங்குச் சந்தையில் நுழைந்தது.

முடிவு யாவரும் அறிந்ததே. 2024ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஜேர்மன் பாராளுமன்றத்தின் வரவுசெலவுக் குழு 5 கோடி யூரோ கடனுக்கு உத்தரவாதமளிக்க மறுத்தது. கம்பனி வங்குரோத்து நிலையை அறிவித்தது. டிசெம்பரில் ஏறத்தாழ ஆயிரம் ஊழியர் வேலையிழந்தனர். நத்தார் தினத்துக்கு முதல்நாள் புதிய முதலீட்டாளர் தோன்றினர்; அவர்கள் கூறிய பணம் வந்து சேராமையால் 2025 பெப்ரவரியில் இரண்டாம் முறையும் கம்பனி வீழ்ந்தது. அதன் சுமார் 300 காப்புரிமைகளை 2025 ஒக்டோபரில் அமெரிக்கக் கம்பனியாகிய ஆர்ச்சர் 1 கோடி 80 இலட்சம் யூரோவுக்குப் பெற்றுக்கொண்டது. பயணிகளுக்கென வடிவமைக்கப்பட்ட முழு ஊர்தி ஒருமுறையேனும் பறக்கவில்லை. நான்கு இளைஞரின் கனவு தோற்றது என இதனைச் சுருக்கிக் கூறுதல் பொருந்தாது. கனவு தோற்பதில் இழுக்கில்லை. கணக்கில் எழுந்த ஐயத்துக்குப் பின்னரும் சந்தை அக்கனவுக்கு 330 கோடி விலை குறித்தது என்பதே விளக்கம் வேண்டி நிற்பது.

இதற்கு மறுதலையான பாதையிற் சென்றது புறுக்சால் நகரின் வொலொகொப்டர் கம்பனி. 2011ஆம் ஆண்டிலேயே மனிதரை ஏற்றிய பல்சுழலி மின்னூர்தியைப் பறக்கவிட்ட பெருமை அதற்குண்டு. அதன் பிந்திய ஊர்தியில் 18 சுழலிகள் விரிந்த பரப்பில் அமைந்தன. அந்தரத்தில் நிற்பது எளிதாயிற்று. ஆயின் சிறகில்லாமையாற் செல்லக்கூடிய தூரம் 35 கிலோமீற்றராகவும், இருக்கைகள் விமானிக்கொன்றும் பயணிக்கொன்றுமாகவும் சுருங்கின. 2024ஆம் ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக் விளையாட்டு விழாவிற் பயணிகளை ஏற்றிச் செல்வதாகப் பல ஆண்டுகளாக விளம்பரஞ் செய்யப்பட்டது. பாரிஸ் நகரசபை எதிர்த்தது. பிரெஞ்சு அரசு செயின் நதியில் மிதக்கும் இறங்குதளத்துக்கு அனுமதியளித்தது. ஐரோப்பியச் சான்றிதழோ வரவில்லை. விழா முடியும் நாளிற் பயணிகளின்றி வெர்சேயில் நிகழ்ந்த காட்சிப் பறப்பே மிஞ்சியது. அவ்வாண்டு டிசெம்பரிற் கம்பனி வங்குரோத்தடைந்தது. லிலியம் தூரத்தை வாக்களித்து அந்தரநிலையின் விலைக்கு முகங்கொடுத்தது. வொலொகொப்டர் அந்தரநிலையை வென்று தூரத்தை இழந்தது. ஒரே விதியின் இரு பக்கங்களே இவை.

இவ்விடத்தில் எழக்கூடிய மறுப்புரையைத் தட்டிக்கழித்தலாகாது. ரைட் சகோதரர் பறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், 1903ஆம் ஆண்டு ஒக்டோபரில், வானியலறிஞர் சைமன் நியூகோம் மனிதன் இயந்திரத்தாற் பறப்பதை ஐயுற்று எழுதினார். அவரது ஐயம் வரலாற்றின் நகைப்புக்குள்ளாயிற்று. இன்றைய ஐயமும் அவ்வாறே ஆகாதோ என்பர். இவ்வொப்புமை பொருந்தாது. நியூகோம் ஐயுற்றது நிகழக்கூடுமா என்பதை. இங்கு ஐயுறப்படுவது குறித்த ஆண்டும் குறித்த விலையும் குறித்த எண்ணிக்கையுமாம். ரைட் சகோதரர் எவரிடமும் ஆண்டு குறித்து முற்பணம் பெறவில்லை. தம் சைக்கிள் கடையின் வருவாயைக் கொண்டு, காற்றுக் குகையொன்றைத் தாமே அமைத்து, பிறர் தந்த அட்டவணைகளைச் சோதித்துத் திருத்தினர். ஐயம் அவர்களுக்கு எதிரியாய் இருக்கவில்லை. அது அவர்களின் கருவியாய் இருந்தது.

சீனாவின் ஈஹாங் கம்பனியின் ஊர்தி 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் அந்நாட்டின் அதிகாரபூர்வமான வகைச் சான்றிதழைப் பெற்றது; 2025 மார்ச்சிற் சேவை நடத்துவதற்கான சான்றிதழும் வழங்கப்பட்டது. இது மெய்யான சாதனை, மறுப்பதற்கில்லை. செலுத்துவோன் இன்றி இரு பயணிகளை ஏற்றி, 30 கிலோமீற்றர் எல்லைக்குட் பறக்கும் அவ்வூர்திக்கு முதலில் அளிக்கப்பட்ட பணி சுற்றுலாக் காட்சிப் பறப்பே. ஐக்கிய அமெரிக்காவின் ஜோபி கம்பனியின் ஊர்தி 2021இல் ஒரே மின்னேற்றத்தில் 240 கிலோமீற்றருக்கு மேற் பறந்தது. ஆயின் ஆளில்லாமற் பறந்தது. 2024இல் வணிகச் சேவை என அக்கம்பனி கூறியிருந்தது. 2025ஆம் ஆண்டு முடிவடைந்த வேளையிலும் அமெரிக்க அரசின் வகைச் சான்றிதழ் அதற்கோ அதன் போட்டியாளருக்கோ கிடைத்திருக்கவில்லை. இயந்திரம் பறக்கும் என்பது நிறுவப்பட்டுவிட்டது. நகரத்தின் போக்குவரத்தாக அது அமையும் என்பது நிறுவப்படவில்லை. முதலாவதன் சான்றை இரண்டாவதற்குரிய சான்றாகக் காட்டுவதே இவ்வாக்குறுதி இலக்கியத்தின் அடிப்படை உத்தி எனலாம்.

இவ்வுத்தி ஏன் செல்லுபடியாயிற்று என்பதற்கு விடை பொருளாதாரத்தில் உண்டு. 2021ஆம் ஆண்டில் ஜோபி, ஆர்ச்சர், லிலியம், பிரித்தானியாவின் வேர்ட்டிக்கல் ஏரோஸ்பேஸ் ஆகிய நான்கும் ஒரே வழியிற் பங்குச் சந்தையை அடைந்தன. வேறெத் தொழிலும் நடத்தாது, பிறிதொரு கம்பனியை இணைத்துச் சந்தைக்குக் கொண்டுவருவதற்கெனவே பணந்திரட்டி நிற்கும் வெற்றுக் கம்பனியோடு சேர்தலே அவ்வழி. வழக்கமான முறையிற் புதிதாகப் பங்கு விற்கும் கம்பனி வருங்கால வருவாயைப் பற்றி எண் கூற அஞ்சும். பிழைத்தால் வழக்கை எதிர்நோக்க நேரிடும். இணைப்பு வழியிலோ அவ்வச்சம் குறைவு எனக் கருதப்பட்டமையால் வருங்காலத்தைப் பற்றிய எண்கள் தாராளமாகக் கூறப்பட்டன. 2024ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழு இச்சலுகையை நீக்கி விதி வகுத்தது. அதற்குள் சந்தை கொடுக்கவேண்டிய விலையைக் கொடுத்துவிட்டது. விற்கப்பட்ட பொருள் ஊர்தியன்று. ஊர்தி வரும் ஆண்டே விற்கப்பட்டது. ஆண்டு தவறும்போது நட்டம் தொடக்கத்திலேயே பங்கை விற்று விலகியோரைச் சேர்வதில்லை. பிந்தி வாங்கிய சிறு முதலீட்டாளரையும் வேலையிழந்த ஊழியரையும் அது சேர்கின்றது.

எல்லாம் வாக்களித்தபடியே நிறைவேறின் என்ன நிகழும் என்பதையும் ஆராய்தல் வேண்டும். இறங்குதளமொன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஓர் ஊர்தி புறப்படுவதாகவும், ஒவ்வொன்றிலும் நான்கு பயணிகள் செல்வதாகவும் கொள்வோம். மணித்தியாலத்துக்குச் செல்வோர் தொகை 48. அது ஒரேயொரு பஸ்வண்டி ஏற்றிச் செல்லும் கூட்டமாகும். பத்துத் தளங்கள் அமைப்பினும் பத்துப் பஸ்வண்டிகளின் வேலையே முடியும். ஆகவே நகர நெரிசலை நீக்கும் என்னும் கூற்றுத் தொழில்நுட்பம் தோற்றதாற் பொய்க்கவில்லை. தொழில்நுட்பம் வென்றாலும் அது பொய்யாகவே இருக்கும். நெரிசல் நீங்குவதில்லை; நெரிசலிலிருந்து சிலர் நீங்குவர்.

சீவகசிந்தாமணியில் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. கட்டியங்காரனின் சூழ்ச்சியாற் கேடு சூழ்வதை உணர்ந்த மன்னன் சச்சந்தன், கம்மியனைக் கொண்டு வானிற் பறக்கும் மயிற்பொறியொன்றை ஆக்குவித்து, கருவுற்றிருந்த தேவி விசயையை அதில் ஏற்றி அனுப்புகின்றான். பொறி செம்மையாகவே இயங்கிற்று. கம்மியனின் திறனிற் குறை காண்பதற்கில்லை. ஆயின் அப்பொறி நகரைக் காக்கவில்லை, மன்னனையும் காக்கவில்லை. ஒருத்தியை மட்டும் காத்து, அவளையுஞ் சுடுகாட்டில் இறக்கிவிட்டது. திருத்தக்கதேவர் அப்பொறியை நகரின் துயருக்கு விடையாகக் காட்டவில்லை. அரண்மனைக்குரிய இறுதிப் புகலிடமாகவே காட்டினார். இன்றைய வான்வாடகையூர்திக்கும் அதன் மெய்யான இலக்கணம் இதுவே. அரண்மனைக்குரிய பொறி பொதுமக்களின் போக்குவரத்து எனப் பெயர் சூட்டப்படும்போதுதான் விமர்சனம் பேசவேண்டியுள்ளது. ஏனெனில் அப்பெயரைக் கொண்டே பொதுப்பணம் கேட்கப்படுகின்றது. பொதுவான வானம் கேட்கப்படுகின்றது. தெருவிற் பஸ்வண்டிக்குக் காத்து நிற்போரின் வருங்காலமும் ஒத்திவைக்கப்படுகின்றது.

மின்சாரத்தாற் பறத்தலுக்கு உரிய இடமே இல்லையென்பது இதன் கருத்தன்று. 2020ஆம் ஆண்டு ஐரோப்பியச் சான்றிதழைப் பெற்ற பிப்பிஸ்றெல் நிறுவனத்தின் இரண்டிருக்கை மின்விமானம் ஏறத்தாழ 50 நிமிடம் பறந்து, பயிற்சி மாணவருக்குப் பயன்படுகின்றது. விமான நிலையத்தைச் சுற்றிப் பறந்து மீள்வதற்கு அது போதும். அதற்குமேல் அதனிடம் எவரும் கேட்கவுமில்லை. இதற்கு மாறாக, ஒன்பது பயணிகளை ஏற்றவெனத் திட்டமிடப்பட்ட ‘அலிஸ்’ என்னும் மின்விமானம் 2022 செப்டெம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் 8 நிமிடம் பறந்தது. 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் அதன் பணிகள் நிறுத்திவைக்கப்பட்டன. ஒன்று தன் எல்லையை அறிந்து பயன்பட்டது. மற்றையது எல்லைக்கு அப்பால் வாக்களித்துத் தேங்கிற்று.

தொழில்நுட்ப வாக்குறுதியொன்றை எதிர்கொள்ளும் வாசகன் கேட்கவேண்டியவை மூன்று. கூறப்படும் தூரம் இன்றுள்ள மின்கலவடுக்கினாற் கிடைப்பதா, இனி வரவிருப்பதனாற் கிடைப்பதா? ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பேர் செல்வர்? குறித்த ஆண்டு தவறினால் இழப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு உயர்கணிதம் வேண்டியதில்லை. ஆனால் இவற்றை வினவும் துணிவு வேண்டும். மியூனிக்கின் மாணவர் நால்வரிடம் ஆற்றல் இருந்தது, கற்பனை இருந்தது, உழைப்பும் இருந்தது. அவர்களைச் சூழ்ந்து கைதட்டியோரிடம் இல்லாதிருந்தது இவ்வினாக்களே. பல்கலைக்கழகம் என்னும் நிறுவனம் சமூகத்துக்குச் செய்யக்கூடிய பணிகளுள் ஒன்று, கைதட்டுவதற்கு முன் கணக்குப் பார்க்கும் பழக்கத்தை வளர்ப்பதாகும். அப்பழக்கம் எந்தக் கண்டுபிடிப்பையும் கொன்றதில்லை; பொய்க் கணக்கில் முதலிடப்பட்ட பல ஆண்டு உழைப்பையும் ஆயிரம் குடும்பங்களின் வருவாயையும் அது காத்திருக்கக்கூடும்.